வாழைக்காய்த் தோல் வறை கறுத்துக் கயர்க்கிறது, என்ன பிழை விட்டேன்?

கோண்டாவில் மருமகள்:
எல்லோருக்கும் வணக்கம். மாமிக்கு எழுபத்தொரு வயது, பத்து வருடமாகச் சலரோகம். கிளினிக்கில் நார்ச்சத்துள்ள சாப்பாடாகக் கொடுக்கச் சொன்னார்கள். அன்றிரவே கொழும்பில் இருக்கும் மச்சாள் ஒரு வீடியோ அனுப்பினா. மரக்கறியின் சத்தெல்லாம் தோலில்தான், நாங்கள்தான் அதைக் கோழிக்குக் கொட்டுகிறோம் என்று அதில் ஒருவர் கோபமாகக் கதைக்கிறார். எங்கள் வீட்டிலும் அதுதான் நடக்கிறது. கோழி நல்ல வடிவாக இருக்கிறது, மாமிதான் மெலிந்துபோனா.

சரி என்று தொடங்கினேன். உருளைக்கிழங்குத் தோலைப் பொரித்தேன், பிள்ளைகள் சண்டை பிடித்துச் சாப்பிட்டார்கள். பூசணித்தோல் எவ்வளவு அவித்தாலும் செருப்புத் தோல் மாதிரியே கிடந்தது. ஆசைப்பட்டது வாழைக்காய்த் தோல் வறைக்குத்தான், ஏனென்றால் அம்மம்மா செய்து சாப்பிட்ட ஞாபகம். இரண்டு தரம் செய்தேன். இரண்டு தரமும் தார் போலக் கறுத்து, நாக்கைப் பிடித்து இழுக்கிற கயர். மாமி ஒரு வாய் வைத்துவிட்டு, "பிள்ளை, இது மருந்தோ கறியோ?" என்று கேட்டா. அம்மம்மா இப்போது இல்லை. யாராவது செய்முறை சொல்லுங்கள். தோலில் உண்மையாகவே அவ்வளவு சத்து இருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள்.

சுழிபுரம் அன்ரி:
பிள்ளை, எந்தக் காயில் செய்தீர்? மொந்தன் என்றால்தான் தோல் தடிப்பாக, சதைப்பிடிப்பாக இருக்கும். அதுவும் பிஞ்சும் இல்லாமல் முற்றலும் இல்லாமல் பார்த்து எடுக்க வேண்டும்.

கறுக்கிறதுக்குக் காரணம் அதன் கயர்தான். இரும்புக் கத்தி, இரும்புத் தாச்சி பட்டால் இன்னும் கறுக்கும். கையில் தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு, தோலின் மேல்நாரை மெல்லியதாகச் சீவி எறியும். மிச்சத்தைப் பொடிப்பொடியாக அரிந்து, அரிய அரிய மஞ்சளும் உப்பும் கலந்த தண்ணீரில் போடும். வெளியில் விட்டுவிட்டு ரெலிபோன் கதைக்கப் போகக் கூடாது. பிறகு கொஞ்சம் பழப்புளி கரைத்து விட்டு மண்சட்டியில் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டுக் கையால் பிழிந்து எடும். நீர் இதைச் செய்திருக்க மாட்டீர், அதுதான் கயர்த்திருக்கு.

பேந்து கடுகு, பெருஞ்சீரகம், செத்தல், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை தாளித்து, தோலைப் போட்டு மூடாமல் பிரட்டும். ஈரம் வற்றினதும் ஒரு பிடி தேங்காய்ப்பூ. இறக்கிவிட்டுத் தேசிக்காய்ப்புளி.

தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் ஒரு வாழைக்காயில் எங்கள் வீட்டில் இரண்டு கறி. சதை குழம்புக்கு, தோல் வறைக்கு. அப்போது சத்தைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. பீர்க்கங்காய்த் தோலையும் வதக்கி, செத்தலும் தேங்காயும் வைத்து அம்மியில் சம்பல் அரைப்போம். கிரைண்டரில் அரைத்தால் அந்தச் சுவை வராது, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

புன்னாலைக்கட்டுவன் தோட்டக்காரன்:
நான் தோட்டம் செய்கிறவன், உள்ளதைச் சொல்கிறேன். கத்தரிக்கும் பயிற்றங்காய்க்கும் மருந்தடிப்பது கூட. மருந்தடித்து எத்தனை நாளில் ஆய்கிறார்கள் என்பதுதான் கேள்வி. நல்ல விலை போகிற கிழமை பொறுத்து ஆய்கிறவர் குறைவு. கழுவினால் மேலே பட்டது ஓரளவு போகும், செடிக்குள் இறங்கும் மருந்து தோலைச் சீவினாலும் போகாது. தோல் சாப்பிடப் போகிறீர்கள் என்றால் வளவில் நிற்கிற வாழை, பீர்க்கு நல்லது. சந்தையில் வாங்கினால் தெரிந்த ஆளிடம் வாங்குங்கள்.

சத்துணவு படித்த தங்கச்சி:
அக்கா, வீடியோக்காரர் கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டார். தோலில் நார்ச்சத்து நன்றாக இருக்கிறது. கத்தரிக்காயின் ஊதா நிறத்துக்குக் காரணமான பொருளும் தோலில்தான், அதனால் கத்தரியை யாரும் சீவ வேண்டாம். ஆனால் உருளைக்கிழங்கின் பொட்டாசியத்திலும் வைட்டமின் சியிலும் பெரும்பகுதி உள்ளேதான் இருக்கிறது. பொரித்த தோல் சுவைக்கு நல்லது, சலரோகத்துக்கு மருந்தல்ல. எண்ணெயையும் கணக்கில் எடுங்கள்.

இரண்டு விஷயத்தில் மட்டும் கவனம். பச்சை பிடித்த, முளைத்த கிழங்கின் தோலில் சொலனின் என்ற நஞ்சு கூடும், அது அவித்தாலும் போகாது. மரவள்ளித் தோலைத் தொடவே வேண்டாம், அதில் சயனைட்டாக மாறும் பொருள் சதையை விட அதிகம். மரவள்ளியோடு இஞ்சி சேர்க்காதே என்று பயப்படுகிற எங்கள் ஆட்கள் தோலுக்கும் பயப்படலாம்.

மாமிக்குச் சிறுநீரகத்தில் ஏதாவது குறை இருந்து, பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தால், வாழைக்காய் கொடுக்க முன் டொக்டரிடம் கேளுங்கள்.

கோண்டாவில் மருமகள்:
எல்லோருக்கும் நன்றி. சிறுநீரகம் நல்லம் என்று போன மாதம் சொன்னார்கள், அதனால் துணிந்தேன். அன்ரி, நான் பிழியவே இல்லை. இரும்புத் தாச்சியிலும்தான் வதக்கினேன்.

நேற்றுப் பக்கத்து வீட்டு மொந்தனில் இரண்டு காய் வாங்கி, சொன்னபடியே செய்தேன். கறுக்கவில்லை, மண்ணிறமாக உதிரியாக வந்தது. மாமி சோற்றில் பிசைந்து இரண்டாவது வாய் வைத்துவிட்டு அப்படியே நிறுத்தினா. முகத்தைப் பார்க்கப் பயமாக இருந்தது. "பிள்ளை, வெள்ளிக்கிழமையும் அதுவுமா, என்ன கருவாட்டு வறை?" என்று கேட்டா. குப்பைக்குள் கிடந்த காய்க்காம்பை எடுத்துக் காட்டின பிறகுதான் மிச்சத்தைச் சாப்பிட்டா.