‘வளர்ச்சி ஆதரவாளர்’ என்று யாரைச் சொல்லலாம்?

சூரமங்கலம்_வாசகி:
கல்லூரிப் பட்டிமன்றத்துக்குப் பேச்சு தயாரிக்கிறேன். சென்னை–சேலம் எட்டு வழிச்சாலைத் திட்டம் பற்றிய கட்டுரைகளில் ‘வளர்ச்சி ஆதரவு’, ‘தொழில் ஆதரவு’ என்று மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். இரண்டும் ஒன்றா? நிலம் தர மறுத்தவர்களை ‘வளர்ச்சிக்கு எதிரி’ என்பது சரியா?

கஞ்சமலையான்:
வேறு வேறுங்க. ஒட்டுமொத்த உற்பத்தியும் வேலைவாய்ப்பும் பெருகுவதை முதல் இலக்காக வைக்கும் கொள்கைதான் வளர்ச்சி ஆதரவு. சாலை, மின்சாரத்துக்கு அரசு செலவு செய்வது, உரிம நடைமுறையைச் சுருக்குவது, வட்டியைக் குறைப்பது எல்லாம் இதில் வரும். விலைவாசி கொஞ்சம் ஏறினாலும் பரவாயில்லை என்ற சாய்வும் கூடவே இருக்கும்.

தொழில் ஆதரவு என்பது ஏற்கெனவே தொழில் நடத்துபவர்களுக்குச் சாதகமாக இருப்பது. சலுகை யாருக்குப் போகிறது என்று பாருங்கள். சேகோ (ஜவ்வரிசி) ஆலை தொடங்க வரும் எவருக்கும் மின் இணைப்பு சீக்கிரம் கிடைத்தால் அது வளர்ச்சி ஆதரவு. புது ஆலை வரவிடாமல் பழைய ஆலைகளைக் காப்பாற்றினால் தொழில் ஆதரவு மட்டும்தான். அது வளர்ச்சியை முடக்கவும் செய்யும்.

உருக்காலை_ரோடு:
அரசே முதல் போட்டு நடத்துவதும் வளர்ச்சிக் கொள்கைதான். சேலம் உருக்காலைக்கு 1970இல் அடிக்கல் போட்டார்கள், 1981இல் உற்பத்தி தொடங்கியது, பொதுத்துறை ஆலை. வளர்ச்சி ஆதரவு என்றாலே தனியார்மயம் என்று மேடையில் சொல்லிவிடாதீர்கள், எதிரணி அங்கேயே பிடித்துக்கொள்ளும்.

அயோத்தியாபட்டணம்_தடம்:
‘எதிரி’ என்ற சொல்லை எடுத்துவிடுங்கள் தங்கச்சி. இந்தச் சாலை வழக்கே நிலமெடுப்பு நடைமுறையைப் பற்றியது. சுற்றுச்சூழல் அனுமதி பெறாத நிலமெடுப்பு அறிவிப்பு செல்லாது என்று 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், அறிவிப்புக் கட்டத்தில் அனுமதி தேவையில்லை, வேலை தொடங்குமுன் வேண்டும் என்றது. ஆனால் வெறும் 3ஏ என்ற முதல் கட்ட அறிவிப்பை வைத்து வருவாய்ப் பதிவேட்டில் நில உரிமையாளர் பெயரை மாற்றியது தவறு என்பதை அதுவும் ஏற்றது. விவசாயிக்கு இது பெரிய விஷயம்.

தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தில் 3ஏ என்பது நிலம் எடுக்கும் எண்ணத்தைத் தெரிவிப்பது மட்டுமே. அது வெளியான 21 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் தரலாம். 3டி அறிவிப்பு வந்த பிறகுதான் நிலம் அரசுடையதாகும். ஆட்சேப மனுவில் சர்வே எண், பறிபோகும் பரப்பு, கிணறு, மரங்கள், மாற்றுத் தடம் எல்லாம் இருக்க வேண்டும். பொத்தாம்பொதுவாக ‘இந்த வளர்ச்சி வேண்டாம்’ என்று எழுதினால் ஒரே வரியில் தள்ளுபடி ஆகிவிடும்.

சூரமங்கலம்_வாசகி:
நன்றிங்க அண்ணா. அப்படியானால் ‘இந்தச் சாலைத் திட்டத்தை எதிர்ப்பவர்கள்’ என்று மாற்றிவிடுகிறேன்.

அயோத்தியாபட்டணம்_தடம்:
மாற்றுங்கள். மறுபக்கத்தையும் ‘திட்டத்தை ஆதரிப்பவர்கள்’ என்றே எழுதுங்கள்.