டீரெகுலேஷன்: நீக்கமா, தளர்வா, தளர்த்தலா?

அன்புள்ள குழுவினருக்கு,

தொழில்கள் மீதான அரசு விதிகளைக் குறைப்பதைச் சொல்லும் ‘டீரெகுலேஷன்’ என்பதற்குத் தமிழ்ச்சொல் தேடுகிறோம். ‘தாராளமயமாக்கல்’ வேண்டாம் என்பதில் நமக்குள் பிணக்கில்லை. அதைக் கேட்டதும் 1991-ம் இறக்குமதி வரியும்தான் நினைவுக்கு வரும். ‘கட்டுப்பாடு நீக்கம்’ என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அமெரிக்கச் சேமிப்புக் கடன் சங்கங்களுக்கு நடந்ததைப் பாருங்கள்.

30 ஆண்டு வீட்டுக்கடனை மாறாத வட்டிக்குக் கொடுத்தவை அவை. கையிலிருந்த வைப்புப் பணமோ சீக்கிரமே வெளியேறக்கூடியது. 1981-ல் சந்தை வட்டி 15 விழுக்காட்டைத் தாண்டியபோது, பழைய கடன்களில் பல 6, 8 விழுக்காட்டிலேயே நின்றன. சந்தை மதிப்பில் நொடித்திருந்த சங்கங்களை மூடாமல் விதிகளை மாற்றினார்கள். 1980 சட்டம் வைப்பு வட்டியின் உச்சவரம்பைப் படிப்படியாக எடுக்கச் சொன்னது. 1982 சட்டம் சொத்தில் 40 விழுக்காடு வரை வணிகக் கட்டடங்களுக்குக் கடன் கொடுக்க விட்டது. சொந்த முதல் குறைந்தது 100-க்கு 5 இருக்க வேண்டும் என்றிருந்தது 1980-ல் 4, 1982-ல் 3 ஆனது. கொடுத்ததில் 100-க்கு 3 திரும்பாவிட்டாலே முதல் காலி.

சங்கம் மூழ்கினாலும் பணம் போட்டவருக்குத் திருப்பித் தரும் வைப்புக் காப்பீட்டை மட்டும் யாரும் நீக்கவில்லை. அதே 1980 சட்டம் அதன் வரம்பை 40,000 டாலரிலிருந்து 1,00,000 டாலராக உயர்த்தியது. பணம் போடுபவருக்குப் பயமில்லை. அதிக வட்டி எங்கேயோ அங்கே போட்டார். அதிக வட்டி தரத் துணிந்தது நொடித்த சங்கம்தான்: பிழைத்தால் லாபம் அதற்கு, மூழ்கினால் நட்டம் காப்பீட்டு நிதிக்கு. 1986 முதல் 1995 வரை 1,043 சங்கங்கள் மூடப்பட்டன. வரிப்பணத்தில் போனது சுமார் 12,400 கோடி டாலர்.

ஒரு பக்கத்துக் கட்டினை மட்டும் தளர்த்தினார்கள். ஆகவே ‘கட்டுத்தளர்த்தல்’ என்று முன்வைக்கிறேன். ‘தளர்வு’ தன்வினை, கயிறு தானாக நெகிழ்ந்ததுபோல் ஒலிக்கும். ஊரடங்கு நாள்களில் ‘தளர்வுகள்’ நமக்குப் பழகிவிட்டது, உண்மைதான். ஆனால் சட்டம் போட்டுத் தளர்த்தியவர்கள் இருக்கும்போது பிறவினையே சரி. ‘கட்டு’ என்ற வன்றொடர்க் குற்றியலுகரத்தின் பின் வருவதால் ‘த்’ மிகும். எதிர்ச்சொல் ‘கட்டிறுக்கல்’ தானே அமைந்துவிடுகிறது.

*

> ஆகவே ‘கட்டுத்தளர்த்தல்’ என்று முன்வைக்கிறேன்.

வழிமொழிகிறேன் ஐயா, ஆனால் எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. வணிக வங்கியும் முதலீட்டு வங்கியும் ஒரே குழுமத்தில் சேரக்கூடாது என்ற 1933-ன் தடையை 1999-ல் எடுத்தே விட்டார்கள், அது ‘கட்டுநீக்கம்’. 2000-ல் வந்த சட்டம் இன்னொரு வகை. கடன் தவறினால் ஈடுகட்டும் ஒப்பந்தங்களைக் கண்காணிப்புக்குள் வரவே விடவில்லை. கட்டாத கயிற்றை எப்படித் தளர்த்துவது? போதிய ஒதுக்கீடு இல்லாமல் அவற்றை விற்றுக் குவித்த அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் ஏஐஜி, 2008 செப்டம்பரில் 8,500 கோடி டாலர் அவசரக் கடனுக்கு வந்து நின்றது. இதற்குக் ‘கட்டுவிலக்கு’ என்று தனிச்சொல் வேண்டும்.

*

ஏற்கிறேன். மூன்றையும் தனித்தனிப் பதிவாக இடுவோம். முதல் சொல்லுக்கு எடுத்துக்காட்டு: “1982-ன் கட்டுத்தளர்த்தலுக்குப் பின் சங்கங்கள் வணிகக் கட்டடக் கடனில் இறங்கின.” இடமில்லை என்று இதழ்க்காரர்கள் ‘கட்டுத்தளர்வு’ எனச் சுருக்கக் கேட்டால் விட்டுக்கொடுக்க வேண்டாம், மிச்சமாவது இரண்டெழுத்துதான்.