ஆயில் பான் போல்ட்: 4.4 நியூட்டன் மீட்டரை எதால் அளப்பது?

வணக்கம். டொயோட்டா பிராடோ 120, ஏ750எஃப் ஆட்டோ கியர்பாக்ஸ். ஆயிலும் ஃபில்டரும் மாற்ற, அடியில் ஆயில் தங்குற பான் கழற்றியாச்சு. மாட்டுறதுக்கு முன்னாடி டார்க் (போல்ட்டை முறுக்குற விசை) விஷயத்தில் அனுபவசாலிகளின் உதவி வேணும்.

மேனுவல் கணக்கு: பான் போல்ட் 4.4 நியூட்டன் மீட்டர், ஃபில்டர் போல்ட் 10, டிரெய்ன் பிளக் 20, ஆயில் ஊத்துற பிளக் 39. இதில் பெரிய ஆபத்து ஒண்ணு இருக்கு. 4.4 நியூட்டன் மீட்டர்னா 39 இஞ்ச்-பவுண்டு. ஆயில் ஊத்துற பிளக்குக்கும் அதே 39, ஆனா அது நியூட்டன் மீட்டர்! அலகு பார்க்காம ரெஞ்சை வச்சா அந்தச் சின்ன போல்ட் முறியும், இல்லைன்னா அலுமினிய மரை உருவிக்கிட்டு வரும். புதுசா செய்றவங்க தயவுசெஞ்சு கவனிங்க.

கையில் இருக்கிற டார்க் ரெஞ்ச் 10-லிருந்துதான் அளக்கும். 4.4-க்கு கால் இஞ்ச் டிரைவில் 2 முதல் 15 வரை போறது சரியா வருமா? இல்ல, டயல் வகைதான் நம்பகமா?

பழைய பான் விளிம்பில் போல்ட் துளைகளைச் சுத்தி உலோகம் மேலே குமிழ் மாதிரி எழும்பியிருக்கு, யாரோ முன்னாடி ஓவரா முறுக்கியிருக்காங்க. அப்படியே மாட்டினா துளைப் பக்கம் மட்டும் கசிவைத் தடுக்கிற கேஸ்கட் நசுங்கி, இடையில் கசியும். மரக்கட்டையில் வச்சுத் தட்டிச் சமமாக்கினா போதுமா, பானையே மாத்தணுமா?

கடைசியா, மரையில் ஆயில் இருந்தா உராய்வு குறைஞ்சு, அதே டார்க்குக்கு இறுக்கம் கூடிடும். துளைகளை பிரேக் கிளீனர் அடிச்சுக் காய வைக்கிறீங்களா? குறுக்கும் நெடுக்குமா ஒரு சுத்து முடிச்சதும், கேஸ்கட் படிய எவ்வளவு நேரம் விட்டு மறுசுத்து போடுறீங்க?