வருஷக் கடைசில பின்னல் பையை கொட்டிப் பார்த்தேன், உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

வணக்கம் ஃப்ரெண்ட்ஸ். அடுத்த வருஷம் என்னென்ன பண்ணப் போறோம்னு எல்லாரும் பேசிட்டு இருக்கோம், நான் அதுக்கு முன்னாடி இந்த வருஷம் என்ன நடந்துச்சுன்னு சொல்லிடறேன், ஏன்னா இந்த தடவை எனக்கு ஒரு விஷயம் புரிஞ்சுது, மறக்கறதுக்குள்ள எழுதிடணும்னு தோணுது. கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

போன ஜனவரில நோட்ல பின்னல், தையல்னு 12 ஐட்டம் எழுதி வச்சேன், மாசத்துக்கு ஒன்னுன்னு கணக்கு. ஷால், ஸ்வெட்டர், கட்டில் போர்வை, பொம்மை, எம்ப்ராய்டரில குஷன் கவர், இப்படி போகுது லிஸ்ட். முடிச்சது 4. ரெண்டை தொடவே இல்ல. மிச்சம் 6ம் பாதில நிக்குது. நோட்டை பார்த்ததும் மனசு ரொம்ப கஷ்டமா போச்சு. இந்த வருஷம் அம்மாவுக்கு ஆபரேஷன், மூணு மாசம் அவங்க கூடவே இருந்தேன், அதனாலதான் முடியலன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். ஆனா நல்லா யோசிச்சா அது சரியில்ல, ஆஸ்பத்திரில உக்காந்திருந்த நாள்லதான் நான் ரொம்ப அதிகமா பின்னியிருக்கேன், வேற எதுவும் செய்ய முடியாத நேரத்துல கை மட்டும் ஓடிட்டே இருந்துச்சு.

அங்க நடந்த ஒன்னை சொல்லியே ஆகணும். வெயிட்டிங் ஹால்ல உக்காந்து போர்வைக்கு சதுரம் சதுரமா பின்னிட்டு இருந்தேன், கிரானி ஸ்கொயர்தான், நடுவுல ஆரம்பிச்சு சுத்தி சுத்தி குரோஷே ஊசியால பின்னற சதுரம். பக்கத்துல ஒரு வயசான அம்மா, எழுபதுக்கு மேல இருக்கும், ரொம்ப நேரமா என் கையையே பாத்துட்டு இருந்தாங்க. அப்புறம் "இங்க குடும்மா"ன்னு கை நீட்டினாங்க. குடுத்தேன். அவங்க முன்பக்கத்தை பாக்கவே இல்ல, வாங்கினதும் நேரா திருப்பி பின்பக்கத்தைதான் பார்த்தாங்க, தொங்கிட்டு இருந்த நூல் நுனியை எல்லாம் விரலால ஒதுக்கி ஒதுக்கி பார்த்துட்டு "கை நல்லா ஓடுது. இதையெல்லாம் எப்போ சொருகுவ?"ன்னு கேட்டாங்க. சொருகறதுன்னா அந்த நுனியை ஊசியால பின்னலுக்குள்ளயே ஓட்டி மறைக்கறது. கடைசில மொத்தமா சொருகிக்கலாம்மான்னு சொன்னேன். "மொத்தமா உக்கார நாள் கிடைக்காதும்மா"ன்னாங்க. குத்திக் காட்டற மாதிரி இல்ல, சாதாரணமா சொன்னாங்க.

அப்புறம் என்கிட்ட இருந்த மொட்டை ஊசியை வாங்கி செஞ்சே காட்டினாங்க. நான் ரெண்டு விரக்கடை அளவுக்குதான் நூல் விட்டு வெட்டியிருந்தேன், அரை சாணாவது விடணும்னாங்க. முதல்ல ஒரு பக்கமா சொருகி, அப்படியே திரும்பி எதிர்ப்பக்கம், மறுபடியும் ஒரு தடவை முதல் பக்கம். திசை மாத்தி மாத்தி போனாதான் துவைக்கும்போது உருவிட்டு வெளிய வராதாம். அடுத்த கலர் ஆரம்பிக்கும்போதே பழைய நூலோட வாலை வரிசை மேல படுக்க வச்சு அது மேலயே பின்னிட்டே போனா பாதி வேலை அங்கயே முடிஞ்சுடும்னும் காட்டினாங்க. அதுக்குள்ள அவங்க டோக்கன் நம்பரை கூப்பிட்டாங்க, எழுந்து போயிட்டாங்க. பேர் கூட கேக்கல நான். அது இன்னைக்கும் மனசுல உறுத்துது.

சரி, போன வாரத்துக்கு வரேன். பையில இருந்ததை எல்லாம் தரையில கொட்டி வரிசையா பரப்பி வச்சேன். போர்வைக்கு வேண்டிய 63 சதுரமும் ரெடி, ஒன்னு கூட குறையல. ஒவ்வொரு சதுரத்துலயும் 4 கலர், கலருக்கு ஆரம்பத்துல ஒன்னு முடிவுல ஒன்னுன்னு ஒரு சதுரத்துக்கு 8 நுனி. 63ஐ 8ஆல பெருக்கினா 504. ஒரு நுனிக்கு 2 நிமிஷம்னு வச்சா கூட 1008 நிமிஷம், கிட்டத்தட்ட 17 மணி நேரம், அதுக்கு மேல எல்லாத்தையும் சேர்த்து இணைக்கற வேலை தனி. இந்த 17 மணி நேரத்தை நான் எங்கயும் எழுதல, நோட்ல "போர்வை"ன்னு ஒரே ஒரு வார்த்தைதான் இருக்கு.

ஸ்வெட்டர்ல முன்பக்கம், பின்பக்கம், ரெண்டு கையும் ரெடி, தைச்சு சேர்க்கணும். ரெண்டு பொம்மைக்கும் தலை, உடம்பு, கை கால் எல்லாம் பஞ்சு அடைச்சு கவர்ல தனித்தனியா கிடக்கு. குஷன் கவர்ல பூ வேலை முடிஞ்சு ஜிப் வைக்கல. ஷால் பின்னி முடிச்சாச்சு, நனைச்சு இழுத்து பின் குத்தி காய வைக்கற பிளாக்கிங் மட்டும் பாக்கி, ஏன்னா ஒரு தடவை அக்ரிலிக் நூல் ஷால் மேல இஸ்திரிப் பெட்டியை நேரா வச்சுட்டேன், நூல் லேசா உருகி தட்டையாகி பளபளன்னு ஆயிடுச்சு, அக்ரிலிக் அப்படி ஆனா மறுபடியும் பழைய நிலைக்கு வரவே வராது. அந்த பயத்துல இந்த ஷாலை கம்பளி நூல்ல போட்டும் பிளாக்கிங் பக்கமே போகல.

ஆறும் ஒரே இடத்துல நின்னிருக்கு ஃப்ரெண்ட்ஸ். பின்னி முடிச்ச இடத்துல. எனக்கு பின்னத் தெரியும், சேர்க்கத் தெரியாது, அதை இத்தனை வருஷமா நேரம் இல்ல, அலுப்பா இருக்குன்னு சொல்லிட்டு இருந்திருக்கேன். தரையில உக்காந்து அதை புரிஞ்சுக்கிட்டப்போ அழுகை வந்துடுச்சு, அதே நேரம் ஒரு நிம்மதியும் கூட, ஏன்னா தெரியாததை கத்துக்கலாம் இல்லையா.

அப்புறம் யோசிச்சா சொந்த விஷயத்துலயும் அதேதான். அக்கவுண்ட்ஸ் கோர்ஸ் சேர்ந்தேன், எல்லா வகுப்பும் பாத்தேன், கடைசி டெஸ்ட் மட்டும் எழுதல. ஒரு பழைய தோழி கூட ஒரு சின்ன மனஸ்தாபம், அவளுக்கு ஜூன் மாசம் நீளமா ஒரு மெசேஜ் டைப் பண்ணி வச்சேன், அனுப்பல. அன்னைக்கு சாயங்காலமே அதை எடுத்து படிச்சு ஒரு வரியை மட்டும் அழிச்சுட்டு அனுப்பிட்டேன். பத்து நிமிஷத்துல ஃபோன் வந்துச்சு. ரெண்டு பேரும் முதல்ல கொஞ்ச நேரம் பேசவே இல்ல.

அதனால அடுத்த வருஷ லிஸ்ட்ல எண்ணிக்கை கிடையாது. ஒரு நாளைக்கு ஒரு சதுரம், 8 நுனி, 16 நிமிஷம். ஜனவரி 1 ஆரம்பிச்சா மார்ச் 4க்குள்ள 63ம் முடிஞ்சுடும், நடுவுல ரெண்டு வாரம் போனாலும் பரவால்ல. தையல்ல மேட்ரஸ் ஸ்டிட்ச் ஒன்னை ஒழுங்கா கத்துக்கணும், ஸ்வெட்டரை வெளிய தையல் தெரியாம சேர்க்க அதுதான் வேணும். பிப்ரவரிக்குள்ள டெஸ்ட் எழுதணும். புதுசா எதையும் தொடவே மாட்டேன்னு சபதம் எடுக்கல, கைக்கு ஏதாவது ஒன்னு பின்னிட்டு இருந்தாதான் எனக்கு மனசு நிக்கும், சின்னதா ஒன்னு மட்டும் வச்சுக்கறேன்.

உங்களுக்கு எங்க நிக்குதுன்னு சொல்லுங்க. எத்தனை முடிச்சீங்கன்னு சொல்ல வேண்டாம்.

* * *

அக்கா, உங்க போஸ்டை படிச்சுட்டு நானும் போய் என் பையை திறந்தேன். எனக்கு நின்னது வேற மாதிரி.

நான் போன வருஷம் டெம்பரேச்சர் பிளாங்கெட் ஆரம்பிச்சேன், தெரியாதவங்களுக்கு சொல்றேன், தினமும் அன்னைக்கு இருந்த வெப்பநிலைக்கு ஒரு கலர்னு முடிவு பண்ணி ஒரு நாளைக்கு ஒரு வரிசை பின்னிட்டே போகணும், வருஷம் முடிஞ்சா 365 வரிசை. நான் பண்ண தப்பு அகலத்துல. ஆசைல 200 ஸ்டிட்ச் போட்டுட்டேன், ஒரு வரிசைக்கு எனக்கு 25 நிமிஷம் ஆச்சு. நீளத்தையும் யோசிக்கல, ஒரு வரிசை 6 மி.மீ. உயரம்னா 365க்கு 219 செ.மீ., கட்டிலை விட நீளம். முதல் நாளே ஒரு துண்டு பின்னிப் பார்த்து இந்த கணக்கை போட்டிருந்தா மெல்லிசு நூல் எடுத்திருப்பேன்.

ஜூலைல உடம்பு முடியாம 38 நாள் படுத்துட்டேன். எழுந்து வந்து பாக்கறேன், ஆகஸ்ட் பாதி போயிடுச்சு. பழைய வெப்பநிலை எல்லாம் இணையத்துல தேடினா கிடைக்கும், 38 வரிசையையும் உக்காந்து போட்டுடலாம்னு ஆரம்பிச்சேன், ரெண்டு வரிசை போட்டதும் என்னமோ மாதிரி ஆயிடுச்சு, அந்த நாள்ல வெளிய வெயிலா மழையான்னு எனக்கு தெரியவே தெரியாது, நான் ஜன்னலையே பாக்கல. அந்த ரெண்டையும் பிரிச்சுட்டேன். 38 நாளுக்கும் சேர்த்து சாம்பல் கலர்ல ஒரே ஒரு வரிசை போட்டுட்டு அடுத்த நாள்ல இருந்து மறுபடியும் கலருக்கு வந்துட்டேன். இப்போ விரிச்சா நடுவுல அந்த கோடு தெரியும். பாக்கறவங்க தப்பு விழுந்துடுச்சான்னு கேக்கறாங்க, எனக்கு அந்த போர்வையிலயே ரொம்ப பிடிச்ச வரிசை அதுதான்.

அடுத்த வருஷ கோல் ரெண்டே ரெண்டு. டாக்டர் சொன்ன நடையை விடக்கூடாது. போர்வைக்கு பார்டர் போடணும்.

* * *

எனக்கு நூல் பத்தாம நின்னு போச்சு சிஸ். ஸ்வெட்டருக்கு ரெண்டு நூல் உருண்டை கம்மியா வாங்கிட்டேன், திரும்ப போய் அதே கம்பெனி அதே கலர் நம்பர் வாங்கிட்டு வந்து ரெண்டாவது கையை போட்டேன், ராத்திரி லைட்ல ஒன்னும் தெரியல, காலைல வெயில்ல பார்த்தா ஒரு கை ஒரு சாயல் கம்மியா இருக்கு. லேபிள்ல கலர் நம்பர் பக்கத்துல டை லாட்னு இன்னொரு நம்பர் இருக்கும், ஒரே தடவை சாயம் போட்ட நூலுக்குதான் அந்த நம்பர் ஒன்னா இருக்கும், அதை நான் பாக்கவே இல்ல. இனிமே எது வாங்கினாலும் லேபிளை ஃபோட்டோ எடுத்து வச்சுட்டுதான் பையில போடுவேன். ரெண்டு கையையும் பிரிச்சு பழைய நூல், புது நூல் ரெண்டு வரிசை மாத்தி மாத்தி போட்டா வித்தியாசம் கலந்துடும்னு சொல்றாங்க, ஜனவரில அதுதான் முதல் வேலை.

* * *

அக்கா ஒரு சந்தேகம். நான் இந்த வருஷம்தான் ஆரம்பிச்சேன். பேட்டர்ன்ல, அதாவது பின்னற செய்முறைக் குறிப்புல சொன்ன எண்ணிக்கை அப்படியேதான் போட்டேன் ஆனா மேல்சட்டை எனக்கு ரெண்டு பேர் போடற மாதிரி வந்துச்சு. மனசே விட்டு போச்சு, அப்படியே அலமாரில வச்சுட்டேன். அடுத்த வருஷம் திரும்ப எடுக்கணும்னு ஆசை. மணிக்கட்டு வலியும் இருக்கு.

* * *

தங்கச்சி, மனசை விடாதம்மா. உன் எண்ணிக்கை சரியாதான் இருந்திருக்கும், உன் கை கொஞ்சம் தளர்வா இருக்கும், அவ்வளவுதான். பேட்டர்ன்ல 10 செ.மீ.க்கு 16 ஸ்டிட்ச்னு போட்டிருக்காங்கன்னு வை, 96 செ.மீ. சுற்றளவுக்கு 154 ஸ்டிட்ச் போட சொல்லுவாங்க. உன் கைக்கு 10 செ.மீ.ல 14தான் வருதுன்னா அதே 154, 110 செ.மீ. ஆயிடும். ரெண்டே ரெண்டு ஸ்டிட்ச் வித்தியாசம், உடம்புல 14 செ.மீ. அதனால முதல்ல 15 செ.மீ.க்கு ஒரு சதுரம் பின்னி, துவைச்சு காய வச்சு, நடுவுல 10 செ.மீ.ல எத்தனை இருக்குன்னு எண்ணு. கம்மியா வந்தா ஹூக்கை, அதான் குரோஷே ஊசியை, அரை மி.மீ. சின்னதா மாத்து. இன்னொன்னும் பாரு, பேட்டர்ன் அமெரிக்கக்காரங்க எழுதினதா பிரிட்டன்காரங்க எழுதினதான்னு. அமெரிக்கால சிங்கிள் குரோஷேன்னு சொல்ற பின்னலைத்தான் பிரிட்டன்ல டபுள் குரோஷேன்னு எழுதுவாங்க, மாத்தி போட்டா உயரமும் மாறிடும்.

மணிக்கட்டுக்கு, அரை மணிக்கு ஒரு தடவை வச்சுட்டு எழுந்து கையை உதறி நீட்டி மடக்கு. பிடி தடிமனா இருக்கற ஹூக் எனக்கு உதவுச்சு. விரல் மரத்துப் போச்சுன்னா தள்ளிப் போடாம டாக்டர்கிட்ட காட்டிடு, அதுல மட்டும் அசால்ட்டா இருக்காத.

சாம்பல் வரிசை போட்ட தங்கச்சிக்கு, நீ எழுதினதை அம்மாவுக்கு படிச்சு காட்டினேன். அவங்க ரொம்ப நேரம் ஒன்னும் பேசல. அப்புறம் "அந்த பொண்ணுக்கு இப்போ தேவலையாமா"ன்னு மட்டும் கேட்டாங்க.

நான் ஜனவரி வரைக்கும் காத்திருக்கல, நேத்தே ஆரம்பிச்சுட்டேன். 3 சதுரம் சொருகியாச்சு. அம்மா கையில குடுத்தேன், வாங்கினதும் பின்பக்கம் திருப்பி ஒவ்வொரு நுனியா இழுத்து பார்த்தாங்க. ரெண்டு சரியா இருக்கு, மூணாவதுல ஒரு பச்சை நூல் உருவிட்டு வந்துடுச்சு, இது நிக்கலடீன்னு திருப்பி குடுத்துட்டாங்க. இதை போஸ்ட் பண்ணிட்டு அதை பிரிச்சு மறுபடியும் சொருகப் போறேன்.