“4.8 தானே?” என்று விட்டுவிட்ட நிலநடுக்கத்தில் மாட்டிய அனுபவம் உண்டா?

மாடிவாசி:
விடியற்காலை மூன்று மணி இருக்கும். என்னை எழுப்பியது ஆட்டம் இல்லை, சத்தம். வாசலில் கனமான லாரி வந்து நிற்பதுபோல ஓர் உறுமல். அப்புறம்தான் அலமாரிக் கண்ணாடிக் கதவு கடகடவென்று அடித்துக்கொண்டது, மின்விசிறி ஊசலாடியது. மொத்தமே பத்து விநாடிகூட இருக்காது. காலைச் செய்தியில் “4.8, லேசான அதிர்வு, சேதம் ஏதுமில்லை” என்றார்கள். எங்கள் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் பாதி, கீழே நின்ற வண்டிகளின் மேல் கிடந்தது. சாயங்காலமானால் பிள்ளைகள் சைக்கிள் ஓட்டுகிற இடம் அது. உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

வெறுங்கால்:
எனக்கு நிலம் ஆடியதில் அடிபடவில்லை, ஓடியதில்தான் அடிபட்டது. மின்சாரம் போன இருட்டில் செருப்பில்லாமல் இறங்கி, விழுந்து நொறுங்கிய கண்ணாடிச் சட்டத்தின் மேல் காலை வைத்தேன். ஐந்து தையல். வீட்டுச் சுவரில் ஒரு கீறல்கூட இல்லை! இப்போது கட்டிலுக்கு அடியில் செருப்பும் டார்ச்சும் எப்போதும் இருக்கும். வீட்டில் கேலி செய்கிறார்கள், செய்யட்டும்.

கலவைக்காரன்:
கட்டட வேலையில் இருப்பவன் என்பதால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். அந்த 4.8 என்கிற எண் பூமிக்கடியில் வெளிப்பட்ட ஆற்றலின் கணக்கு. உங்கள் வீடு எவ்வளவு ஆடும் என்பது, மையம் எவ்வளவு பக்கத்தில், எவ்வளவு மேலாக இருந்தது, அடியில் பாறையா இளகிய மண்ணா என்பதைப் பொறுத்தது. மொராக்கோவின் அகாதிரில் 1960இல் வந்தது 6ஐக்கூடத் தொடவில்லை. ஆனால் கிட்டத்தட்ட ஊருக்கு நேர் கீழே, ஆழமில்லாமல் வந்தது. செத்தவர்கள் 12,000 முதல் 15,000 பேர். இந்தோனேசியாவின் சியாஞ்சூரில் 2022இல் 5.6, 300 பேருக்கு மேல் போனார்கள். மாடிவாசி சொன்ன கைப்பிடிச் சுவர் கதைக்கு ஸ்பெயினின் லோர்காவைப் பாருங்கள்: 2011, வெறும் 5.1, ஒன்பது பேர் பலி. பெரும்பாலும் தெருவில் விழுந்த கைப்பிடிச் சுவரும் முகப்பு அலங்காரமும்தான் காரணம். பெரும்பாலான கட்டடங்கள் நின்றன, ஒட்டிக்கொண்டிருந்தவை விழுந்தன.

ஒரு தடவை ஆட்டத்துக்குப் பிறகு வீடு பார்க்கக் கூப்பிட்டார்கள். போனால் சுவரெல்லாம் புதுப் பெயின்ட். விரிசலைப் பட்டி வைத்து மூடியிருந்தார் வீட்டுக்காரர். உளியால் ஒரு சாண் பூச்சைத் தட்டினேன். விரிசல் பூச்சோடு நிற்கவில்லை, செங்கல்லையே பிளந்துகொண்டு ஜன்னல் மூலையிலிருந்து கோணலாக ஓடியது. தயவுசெய்து யாரும் மூடாதீர்கள். விரிசலின் இரண்டு நுனியிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள், கோட்டைத் தாண்டி வளர்கிறதா என்று பாருங்கள். தூணில் தெரிந்தால் காத்திருக்கவே வேண்டாம், பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

குறுக்குக்கேள்வி:
சின்னது அடிக்கடி வந்தால் நல்லதுதானே? அழுத்தம் இறங்கிவிடும், பெரிதாக வராது என்பார்களே.

கலவைக்காரன்:
எல்லாரும் சொல்வதுதான், கணக்குதான் உதைக்கிறது. எண்ணில் ஒன்று கூடினால் ஆற்றல் சுமார் 32 மடங்கு. ஒரு 6க்கு ஈடுகட்ட 4 அளவில் ஆயிரம் வரவேண்டும். இத்தாலியின் லாக்விலாவில் மாதக்கணக்கில் சின்னச் சின்ன அதிர்வுகள் வந்துகொண்டே இருந்தன. 2009 ஏப்ரல் 6 அன்று 6.3 வந்தது, 300க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்காக ஒவ்வொரு குலுக்கலுக்கும் நடுங்கவும் வேண்டாம். பெரும்பாலானவை அதோடு அடங்கிவிடும்.

தூக்கம்கெட்டவள்:
உயிர்ச்சேதம் இல்லாவிட்டாலும் நிம்மதி போகும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நெதர்லாந்தின் குரோனிங்கனில் எரிவாயு எடுத்ததால் வந்த அதிர்வுகளில் பெரியதே 3.6தான், 2012இல். ஆயிரக்கணக்கான வீடுகளில் விரிசல். கடைசியில் 2024இல் அந்த எரிவாயு வயலையே மூடினார்கள். எங்கள் பக்கம் தொடர்ந்து பின்னதிர்வுகள் வந்த மாதத்தில், துணி துவைக்கும் இயந்திரம் சுற்றினால்கூட என் மகள் மேஜைக்கடியில் போய்விடுவாள். அவளைச் சொல்லி என்ன, நானே தம்ளரில் தண்ணீர் ஊற்றி வைத்து, அது ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டுதான் படுப்பேன்.

மாடிவாசி:
எல்லாருக்கும் நன்றி. மிச்சமிருக்கும் கைப்பிடிச் சுவரை இறக்கிவிட்டு இரும்புக் கிராதி போடலாம் என்று குடியிருப்போர் கூட்டத்தில் பேச்செடுத்தேன். “4.8க்கு இவ்வளவு செலவா?” என்றார் ஒருவர். கூட்டத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறார்கள். அதுவரை பிள்ளைகளின் சைக்கிளுக்கு வேறு இடம்.