நில அதிர்வுமானியை எங்கே வைத்தீர்கள்?

கோவைப் பக்கத்திலிருந்து:

வாங்க நினைப்பவர்கள் எல்லோரும் எந்த மாடல் என்றுதான் கேட்கிறார்கள். எங்கே வைப்பது என்பதுதான் பெரிய கேள்வி. என்னிடம் இருப்பது ராஸ்பெரி ஷேக், வீட்டில் வைக்கும் சிறிய நில அதிர்வுமானி. நிரந்தரமாக நிறுத்துவதற்கு முன் வீட்டின் ஒவ்வொரு இடத்திலும் பகலும் இரவும் ஓடவிட்டுப் பார்த்தேன்.

மாடி அறையில், பதிவின் அதிர்வெண் படத்தில் 6 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 6 அதிர்வு) அருகே ஒரு கோடு விடாமல் நின்றது. ஃபேனை அணைத்ததும் காணோம். நிமிடத்துக்கு 350 சுற்றுச் சுற்றும் ஃபேன் அங்கேதான் விழும். பக்கத்துச் சிறு நிலநடுக்கங்களும் பெரும்பாலும் 1 முதல் 10 ஹெர்ட்ஸுக்குள்தான் வரும், அதனால் இந்தக் கோட்டை வடிகட்டினால் நமக்கு வேண்டியதும் சேர்ந்தே போய்விடும். போர்வெல் மோட்டார் 48 ஹெர்ட்ஸ் பக்கம் ஒதுங்கி நின்றது, அதனால் தொல்லையில்லை.

கடைசியில் தோட்டத்துப் பழைய கொட்டகையில், பாறை வெளியே தெரியும் இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். மண்ணைச் சுரண்டி, பாறையைக் கழுவி, மெல்லிசாகச் சிமெண்ட் பூசி, ரசமட்டம் பார்த்து நிறுத்தினேன். அந்தப் பூச்சு சுவரையோ தூணையோ தொடவே கூடாது. காற்றில் சுவர் ஆடினால் கருவியும் ஆடும். அடியில் ரப்பர் விரிக்காதீர்கள். தென்னை வேர் வழியாக நிலத்தையே அசைக்கும், மரத்தின் உயரத்துக்காவது தள்ளிப் போங்கள். வயரை இழுத்துக் கட்டாமல் தொய்வாக விடுங்கள். மேலே தெர்மோகோல் பெட்டியைக் கவிழ்த்தால் போதும்.

2025 மார்ச் 28, மியான்மரில் 7.7 அளவு நிலநடுக்கம். நம் நேரம் 11:50. ஐந்து நிமிடத்துக்குள் முதல் அலை இங்கே வந்தது. ரோட்டில் லாரி ஓடிக்கொண்டிருந்த நேரம், ஆனாலும் அலை தொடங்கிய இடம் தெளிவாகத் தெரிந்தது. அன்றைக்கு அடைந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது!

சென்னையிலிருந்து, கல்லூரி ஆய்வகத்தில் பிராட்பேண்ட் கருவியை (மெதுவான அதிர்வு முதல் வேகமான அதிர்வு வரை பதியும் நில அதிர்வுமானி) பார்த்துக்கொள்பவர்:

அண்ணா, பாறை கிடைத்தது உங்கள் கொடுப்பினை. கடலோரத்தில் இருக்கும் எங்களுக்கு இன்னொரு இரைச்சல் உண்டு. 5 முதல் 8 வினாடிக்கு ஒருமுறை ஏறி இறங்கும். எதிரெதிரே வரும் கடலலைகள் சந்தித்துக் கடலடியை அழுத்துவதால் வருவது. எத்தனை அடி தோண்டிப் புதைத்தாலும் போகாது. வங்கக்கடலில் புயல் வந்தால் இன்னும் ஏறும். அதை விரட்டப் பள்ளம் தோண்டிச் செலவழிக்காதீர்கள்.

ஆழம் உதவுவது வேறொன்றுக்கு. வெயிலும் காற்றழுத்தமும் தரையை மிக நுணுக்கமாகச் சாய்க்கும், அந்தச் சாய்வைக் கிடைமட்டச் சென்சார்கள் நகர்வாகவே எடுத்துக்கொள்ளும். செங்குத்துச் சென்சார் ஓரளவு தப்பிக்கும். ஜெர்மனியில் கருங்காடு ஆய்வகத்தார் பழைய சுரங்கத்துக்குள், காற்றுப் புகாத இரட்டைக் கதவுக்குப் பின்னால் கருவிகளை வைத்திருப்பது இதனால்தான். நாங்கள் மூடியில் ரப்பர் வளையம் போட்டு, சுற்றிலும் தெர்மோகோல் அடைத்தோம். கிடைமட்டப் பதிவு நன்றாகவே அமைதியானது.

மதுரையிலிருந்து, வாடகை வீட்டில் இருப்பவர்:

1976-இல் செவ்வாய்க் கோளில் இறங்கிய நாசாவின் வைக்கிங் 2 விண்கலத்தில், நில அதிர்வுமானி கலத்தின் மேல்தட்டிலேயே இருந்தது. காற்றில் கலம் ஆடியதுதான் பெரும்பாலும் பதிவானது. பின்னாளில் அங்கே போன நாசாவின் இன்சைட் கலம் 2018 டிசம்பரில் கருவியை ரோபோக் கையால் தரையில் இறக்கி, 2019 பிப்ரவரியில் கவசம் கவிழ்த்தது, பிறகு செவ்வாயின் நடுக்கங்கள் வரிசையாகக் கிடைத்தன. அதைப் படித்த பிறகு நானும் வீட்டுக்காரரிடம் பேசி, கீழே படிக்கட்டுக்கடியில் ஓர் இடம் வாங்கினேன். ஃபேன் கோடு போய்விட்டது. யாராவது படியேறினால் மட்டும் பதிவு துள்ளுகிறது, இரவு பதினொன்றுக்கு மேல் அதுவும் இல்லை.