தன்னார்வப் பணிக்கு வெளிநாடு போகிறவர்களுக்கு: குடிநீரும் கொசுவலையும்

குழாய்த் தண்ணீரை நம்ப முடியாத ஊரில் தங்கப் போகிறவர்கள் முதலில் இரண்டு மூடி போட்ட வாளிகளுக்கு ஏற்பாடு செய்யுங்கள். ஒன்று எடுத்து வந்த தண்ணீருக்கு, இன்னொன்று குடிக்க. ஒருநாளும் மாற்றிப் புழங்கக் கூடாது. குடிநீர் வாளிக்கு அடியில் குழாய் இருப்பது நல்லது. டம்ளரை விட்டு மொண்டால் கை படும். காய்ச்சிய தண்ணீர் பெரும்பாலும் கெடுவது அங்கேதான்.

கலங்கலாக இருந்தால் இரவு முழுக்கத் தெளியவிட்டு, நாலாக மடித்த பருத்தித் துணியில் வடிகட்டுங்கள். தளதளவென்று கொதி வந்தபின் 1 நிமிடம் போதும். 2,000 மீட்டருக்கு மேலே உள்ள மலையூர் என்றால் 3 நிமிடம். அங்கே தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். அரை மணி நேரம் கொதிக்கவிடுவது எரிபொருளுக்குத்தான் கேடு.

*

அடுப்பு இல்லாத நாளுக்கு பிளீச், அதாவது துணி வெளுக்கும் திரவம். வாசனை சேர்க்காதது, 5 முதல் 6 சதவீதம் குளோரின் உள்ளது, லிட்டருக்கு 2 சொட்டு. கலங்கல் நீருக்கு 4. கலக்கி 30 நிமிடம் மூடி வையுங்கள். பிறகு லேசாகக் குளோரின் வாடை வர வேண்டும். வராவிட்டால் அதே அளவு மறுபடி விட்டு இன்னும் 15 நிமிடம். வாடையே வராததற்குக் காரணம் இரண்டு: தண்ணீரில் உள்ள அழுக்கு குளோரினைத் தின்றுவிட்டது, அல்லது குப்பி வெயிலில் இருந்து வீரியம் போய்விட்டது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குளோரினுக்கு அசையாது. கொதிக்க வைத்தால் சாகும். வாய்ப்பு இருக்கும்போதெல்லாம் காய்ச்சுங்கள் என்று வற்புறுத்துவது அதனால்தான்.

*

மேலே சொன்னதோடு கேண்டில் ஃபில்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மெழுகுவர்த்தி போன்ற அந்தப் பீங்கானை மென்மையான பிரஷ்ஷால் வெறும் நீரில் தேய்த்துக் கழுவுங்கள், சோப்பு வேண்டாம். கொதிநீரை அதன்மேல் ஊற்றினால் விரிசல் விடும். மயிரிழை விரிசல் போதும், அந்த கேண்டிலைத் தூக்கிப் போட.

தங்கியிருக்கும் வீட்டார் அன்போடு தண்ணீர் நீட்டும்போது மறுப்பது சங்கடம். "மருத்துவர் சொல்லியிருக்கிறார்" என்று முதல் நாளே சொல்லிவிட்டால் யாரும் மனம் நோக மாட்டார்கள். சூடான தேநீரை வாங்கிக்கொள்ளலாம். ஐஸ் கட்டியைப் பலர் மறந்துவிடுகிறார்கள், அதுவும் தண்ணீர்தான்.

அப்படியும் வயிற்றுப்போக்கு வந்தால்: 1 லிட்டர் சுத்தமான நீர், தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. உப்பு கூடினால் ஆபத்து. கண் அளவில் போடாதீர்கள். மலத்தில் ரத்தமோ கடும் காய்ச்சலோ இருந்தால் இதோடு நிற்காமல் மருத்துவரிடம் போங்கள்.

*

மலேரியா உள்ள இடம் என்றால் மருந்து ஊட்டிய கொசுவலை. மெத்தைக்கு அடியில் சுற்றிலும் செருகுங்கள். கை, கால் வலையை ஒட்டிக் கிடந்தால் கொசு வெளியிலிருந்தே கடிக்கும். மென்மையான சோப்பில் அலசி நிழலில் உலர்த்துங்கள். வெயில் அந்த மருந்தைக் கெடுத்துவிடும்.

தடுப்பு மாத்திரையை மருத்துவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். டாக்ஸிசைக்ளின் தந்தால், தினமும் ஒன்று, டம்ளர் நிறைய நீரோடு. விழுங்கியவுடன் படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். வெயிலிலும் தோல் சீக்கிரம் கன்றும். ஊர் திரும்பியதும் நிறுத்திவிடுவதுதான் பெரிய தவறு: ஈரலில் ஒளிந்திருந்த கிருமி பிறகுதான் ரத்தத்துக்கு வரும், அதற்காக இன்னும் 4 வாரம் சாப்பிட வேண்டும். அந்த இடத்தை விட்டுக் கிளம்பும் நாளில் கையில் 28 மாத்திரை மிச்சம் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.